குதிரை உள்ளே, வேளார் வெளியே

கடலை பிடுங்குற வேலை இருந்ததால மூணு வாரமா எதுவும் எழுதல. இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் காரமா இருக்கும். பட்டணத்துல உக்காந்து படிக்கிற உங்க மேலயும் ரெண்டு சொட்டு தெறிக்கும். தொடைச்சுக்குங்க.

எங்களுக்குப் பக்கத்து டவுன்ல ஒரு சமுதாயக்கூடம் இருக்கு. கல்யாணம், காதுகுத்து, ரத்ததான முகாம் எல்லாம் கீழ்த்தளத்துல நடக்கும். மாடி ஹால் சும்மா கிடந்துச்சு. அதுக்கு வெள்ளையடிச்சு, சுவத்துல ஆணி அடிச்சு, விளக்குப் போட்டு இப்ப ஓவியக்கூடமா மாத்தியிருக்காங்க. உள்ளூர்க் கலைஞர்களோட படைப்புகளைப் பத்து நாள் கண்காட்சியா வச்சாங்க. கேள்விப்பட்டப்ப எனக்கு நிஜமாவே சந்தோஷம். எங்க பக்கம் திருக்கோகர்ணத்துல அரசு அருங்காட்சியகம் இருக்கு, 1910-ல ஆரம்பிச்சது, நல்ல இடம். ஆனா அங்க இருக்கிறது எல்லாம் பழசு. உயிரோட நடமாடுற மனுசன் போன மாசம் வரைஞ்சதை, செஞ்சதைப் பார்க்க இந்தப் பக்கம் ஒரு கூரை கிடையாது. வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேன்.

உள்ளே நல்ல விஷயங்கள் இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. போர்டு எழுதுற பெயிண்டர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். டிஜிட்டல் பிளெக்ஸ் வந்து அவர் பொழப்புல மண்ணைப் போட்டுடுச்சு. ஒரு காலத்துல கட்சிக்காரங்க, சினிமாக் கொட்டகைக்காரங்க அவர் வீட்டு வாசல்ல காத்துக் கிடப்பாங்க. இப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறார். அவர் வரைஞ்ச ஏழு படம் அங்க மாட்டியிருந்துச்சு. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் அட்டையில அவர் பேர், படத்தோட பேர், விலை. மனுசன் குளிச்சு, பட்டை போட்டுக்கிட்டு அந்தப் படங்களுக்குப் பக்கத்துலயே நின்னார். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில படிக்கிற ஒரு பொண்ணு, அது அம்மா நாத்து நடுறதை வரைஞ்சிருந்துச்சு. சேத்துல கால் எவ்வளவு முங்கும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கும் பேர், விலை.

ஹாலுக்கு நட்டநடுவுல ரெண்டு சுடுமண் குதிரை. இடுப்பு உயரம். கழுத்துல மணிமாலை, நெத்தியில சுட்டி, வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கிட்டு. பார்த்த உடனே யார் கை வேலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஊர் வேளார் செஞ்சது. அதுக்குக் கீழயும் ஒரு அட்டை வச்சிருந்தாங்க. அதுல எழுதியிருந்தது இவ்வளவுதான்: "சுடுமண் குதிரை. நாட்டுப்புறக் கலை. புதுக்கோட்டை வட்டாரம்."

பேர் இல்லை. விலையும் இல்லை.

சரி, செஞ்சவர் எங்கேன்னு தேடினா, வெளியே கேட்டுக்குப் பக்கத்துல, தகரக் கொட்டகை நிழல் பாதி விழுந்தும் விழாமலும் இருக்கிற இடத்துல திருவையைப் போட்டு உக்கார வச்சிருக்காங்க. வர்றவங்களுக்குச் சட்டி வனைஞ்சு காட்டணுமாம். செயல்விளக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுத்தி நிக்குது, ஆளாளுக்குப் போன்ல படம் எடுக்குறாங்க.

"என்னண்ணே, வெளியில உக்காந்திருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"உள்ள தரை சகதியாகிடுமாம் தம்பி"ன்னார். "நாள் சம்பளம் அறுநூறு பேசியிருக்காங்க. சாப்பாடு உண்டு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் குறையாச் சொல்லல. கோபம் என்னுதுதான். பொறுப்பாளர் ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டேன், ஏங்க, குதிரைக்கு மட்டும் பேர் எழுதலன்னு. நல்ல மனுசன்தான், பொறுமையா விளக்கினார். "சார், அது பாரம்பரியக் கலை. தனி ஒருத்தரோட படைப்பு இல்லை, சமூகத்தோட படைப்பு. அவங்களே பேர் போட்டுக்க மாட்டாங்க, அது அவங்க பண்பாடு."

இந்தப் பதிலை எழுதுறதுக்குத்தான் இன்னைக்கு உக்காந்தேன். கேக்குறப்ப அழகா இருக்குது பாருங்க. ஆனா இதை மாதிரி ஒரு ஏமாத்து வேலை கிடையாது.

எங்க பக்கம் புரவி எடுப்பு எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அய்யனாருக்குக் குதிரை எடுக்கணும்னு ஊர் கூடி முடிவு பண்ணினா, முதல் காரியம் பிடிமண் கொடுக்கிறது. ஊர்ப் பெரியவங்க ஒரு கைப்பிடி மண்ணை வெத்தலை பாக்கோட, பணத்தோட வேளார் கையில கொடுப்பாங்க. கோயில் முன்னாடி, ஊர் பார்க்கக் கொடுப்பாங்க. அந்த நிமிஷத்துல இருந்து அந்த வருசத்துக் குதிரைக்கு யார் பொறுப்புங்கிறது கைக்குழந்தைக்கும் தெரியும். அவர் விரதம் இருப்பார். பல ஊர்ல அய்யனாருக்குப் பூசாரியும் அவர்தான். குதிரை, காளை, நேர்த்திக்கடன் மதலைச் சிலை எல்லாம் முடிஞ்சதும் ஊரே மேளதாளத்தோட பொட்டலுக்குப் போய், அவருக்கு வேட்டி துண்டு மரியாதை செஞ்சு, கண் திறந்தப்புறம்தான் குதிரையைத் தோளுல ஏத்தும். குதிரை முதுகுல பேர் எழுதலதான். எதுக்கு எழுதணும்? ஊருக்கே தெரிஞ்ச பேரை யாருக்காக எழுதி வைக்கிறது? உங்க அம்மா சோத்துல கையெழுத்தா போடுறாங்க?

அதே குதிரையைக் கொண்டுபோய், யாரையும் யாருக்கும் தெரியாத ஒரு ஹால்ல வச்சீங்கன்னா, அங்க கதை வேற. அங்க அட்டையில எழுதினதுதான் தகவல். எழுதலன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது. கோயில்ல பேர் இல்லாதது மரியாதைக்குள்ள அடங்கினது. ஹால்ல பேர் இல்லாதது, இருக்கிற ஆளை இல்லாம ஆக்குறது. ரெண்டையும் ஒண்ணாக்கி, "அவங்க பண்பாடு"ன்னு அவங்க தலையிலயே கட்டுறதைத்தான் பொறுக்க முடியல.

இன்னொண்ணு சொன்னாங்க. ஓவியன் ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்கிறான், குயவர் அப்பன் பாட்டன் செஞ்ச அதே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்றார், அதனால இது கலை இல்லை, கைவினைன்னு. சொன்னவருக்கு மண்ணைத் தொட்டுப் பழக்கம் இருக்காது. குதிரைன்னா ஒரே நாள்ல நிக்காதுங்க. முதல்ல நாலு கால், உள்ளே கூடு விட்டு உருளை உருளையா. அது பாதி காயணும். முழுசாக் காஞ்சா மேல வைக்கிற ஈர மண்ணு ஒட்டாது. காயாம வச்சா மேல் பாரம் தாங்காம கால் சப்பிக்கும். அந்தப் பதம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை, விரல்ல இருக்கு. அப்புறம் வயிறு, சாண் சாணா ஏத்தணும், ஒவ்வொரு சாணுக்கும் காத்திருக்கணும். மேகம் போட்டா ஒரு கணக்கு, மேல்காத்து அடிச்சா ஒரு கணக்கு. வெறும் களிமண்ணைப் போட்டா விரிசல் விடும், அதனால மணலும் உமியும் சேர்த்து மிதிக்கணும். சூளையில உமி எரிஞ்சு பொடிப்பொடி துவாரம் விட்டுட்டுப் போகும், ஆவி அது வழியா வெளியேறும். இல்லன்னா குதிரை வெடிச்சுடும். ஆள் உயரக் குதிரையைத் தூக்கிட்டுப் போய் சூளையில வைக்க முடியாது, அது நிக்கிற இடத்துலயே அதைச் சுத்திச் சூளை எழுப்பணும். வைக்கோல், வரட்டி, கருவை விறகு. தீ பிடிச்ச பிறகு உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு மாச உழைப்பு அந்த ஒரு ராத்திரியில இருக்கு. கேன்வாஸ் பிடிக்கலன்னா மேல வெள்ளையடிச்சு மறுபடி வரையலாம். இதுல அந்த வசதி இல்லை.

அதே உருவம்னு சொல்றதும் பொய். எங்க வேளாரோட அப்பா செஞ்ச குதிரைங்க கோயில் தோப்புல இன்னும் நாலஞ்சு கிடக்கு. அவர் குதிரைக்குக் கழுத்து குட்டை, மார்பு அகலம், முட்டப்போற காளை மாதிரி நிக்கும். மகன் கையில கழுத்து நீண்டுடுச்சு, காது பின்னால மடிஞ்சு இருக்கும், ஓடி வந்து இப்பத்தான் நின்ன மாதிரி. புதுக்கோட்டை காரைக்குடி ரோட்டுல நமணசமுத்திரம் அய்யனார் கோயில்ல வரிசையா நிக்குற குதிரைங்களைப் போய்ப் பாருங்க. காரை நிறுத்தி செல்பி எடுத்துட்டு ஓடாம அரை மணி நேரம் பாருங்க. ரெண்டு குதிரை ஒரே முகமா இருந்தா என்கிட்ட வந்து சொல்லுங்க.

பேர் வைக்க முடியாதுன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு செய்தி. மானாமதுரையில கடம் செய்யுற மீனாட்சி அம்மாவுக்கு சங்கீத நாடக அகாதமி விருது கிடைச்சுது. மேடையில வாசிச்சவருக்கு இல்லைங்க, மண்ணைத் தட்டித் தட்டிக் கடத்துக்குச் சுருதி ஏத்தினவங்களுக்கு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. டெல்லிக்குத் தெரியுது இவங்களுக்குப் பேர் உண்டுன்னு. பத்து மைல்ல இருக்கிற டவுனுக்குத் தெரியல.

எங்க ஊருக்குக் குதிரைங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒரு மாணவி வந்து ஒரு மாசம் தங்கியிருந்துச்சு. அது சொன்ன ரெண்டு சேதி மறக்கவே இல்லை. அமெரிக்காவுல பிலடெல்பியா மியூசியத்துல ஸ்டெல்லா கிராம்ரிஷ்னு ஒரு அம்மா 1968-ல நம்ம கிராமத்து, பழங்குடி மக்களோட சாமி சம்பந்தப்பட்ட கலைகளை எல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி வச்சாங்களாம். அதுக்கு வச்ச தலைப்பு, தமிழ்ல சொன்னா "அறியப்படாத இந்தியா". யாரால அறியப்படாத? எங்களுக்கு நல்லாத் தெரியுமே. சரி, அந்தம்மா காலத்துல மியூசியத்துக்காரங்க திரும்பிக்கூடப் பார்க்காததைக் கொண்டுபோய் வச்சாங்க, அதுக்கு ஒரு கும்பிடு. இன்னொண்ணு, போபால்ல 1982-ல பாரத் பவன் திறந்தப்ப, ஓவியர் சுவாமிநாதன் அங்க இருந்த கலைக்கூடத்துக்குப் பொறுப்பு. அவர் பழங்குடி ஊர்கள்ல வரையுறவங்களை, செய்யுறவங்களைத் தேடிக் கூட்டிட்டு வந்து, பட்டணத்து ஓவியர்களோட சமமா வச்சார், பேரோட. பாடன்கட்னு ஒரு குக்கிராமத்துல வீட்டுச் சுவத்துல வரைஞ்சுக்கிட்டிருந்த ஜங்கர் சிங் ஷியாம்ங்கிற கோண்டு இளைஞனோட படம் 1989-ல பாரிஸ் கண்காட்சிக்குப் போச்சு. இன்னைக்கு அந்தப் பாணியில அவங்க சொந்தபந்தம் எத்தனையோ பேர் வரைஞ்சு பொழைக்கிறாங்க. பேரை எழுதி வச்சா கலை கெட்டுப்போகும்னா அது அங்கயே கெட்டிருக்கணும்.

விலை விஷயத்துக்கு வர்றேன். நாத்து நடுற படத்துக்குப் பன்னிரண்டாயிரம் போட்டிருந்தாங்க. போடட்டும், அந்தப் பிள்ளைக்கு இன்னும் கூடக் கிடைக்கணும். மதுரையில இருந்து வந்த ஒரு குடும்பம் வேற ஒரு படத்தைப் பேரம் பேசாம எட்டாயிரம் கொடுத்து வாங்கினதை என் கண்ணால பார்த்தேன். அதே குடும்பம் வெளியே வந்து, வேளார் அடுக்கி வச்சிருந்த சாண் உயரக் குதிரையை எடுத்து எவ்வளவுன்னு கேட்டுச்சு. நானூறு. "மண்ணுதானே, இருநூத்தம்பதுக்குக் கொடுங்க"ன்னாங்க. முந்நூறுக்கு முடிஞ்சது. அவங்க கெட்டவங்க இல்லை. சட்டகம் போட்டு, விளக்குப் போட்டு, பேர் எழுதி சுவத்துல மாட்டினதுக்குப் பேரம் கிடையாது, தரையில வச்சதுக்குப் பேரம் உண்டுன்னு அந்த ஏற்பாடே அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கு.

மண்ணுதானேங்கிறீங்களே, அந்த மண்ணு இப்ப எங்க கிடைக்குது? கம்மாயில தண்ணி கிடக்குற வரைக்கும் களிமண் எடுக்க முடியாது. மாசிக்கு மேல வத்தினாத்தான் உண்டு. அந்தக் கோடைக்குள்ள ஒரு வருசத்துக்கான மண்ணை எடுத்துக் குவிச்சுக்கணும். முன்னெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையணும். 2024-ல தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம்னு விதியை மாத்தினாங்க, நல்ல காரியம். விவசாயிங்க நாங்களும் வண்டல் எடுக்க அதுல பலன் உண்டு. ஆனா பேப்பர் கையில வந்து சேர்றதுக்குள்ள, ஜேசிபி இறங்கி கம்மாயைத் தோண்டி, மேல் வண்டலும் அடிச் சவுடும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. குயவருக்குத் தேவை மண் இல்லை, ஒரு குறிப்பிட்ட மண். நடுவுல ரெண்டடி கனத்துக்கு ஒரு பட்டை ஓடும், அதுதான். அதை மண்வெட்டியால எடுக்கணும். வைக்கோலும் அப்படித்தான். மெஷின் அறுப்பு வந்தப்புறம் வைக்கோலை உருண்டை கட்டி லாரியில ஏத்திட்டுப் போயிடுறாங்க. சூளைக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதி. மழைக்காலத்துல வேலை இல்லாததுக்கு அரசாங்கம் குடும்பத்துக்கு ஐயாயிரம் நிவாரணம் கொடுக்குது. ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசத்துக்கு ஐயாயிரத்தை வச்சு ஓட்டிப் பாருங்க.

இவ்வளவையும் விட்டுட்டு, கண்காட்சித் திறப்பு விழாவுல பேசின நாலு பேரும் "அழிந்துவரும் கலை"ன்னு ஆளுக்கொரு தடவை சொன்னாங்க. தானா அழியுற மாதிரி! கம்மாய் மண்ணை அள்ளி வித்தவங்க முன்வரிசையிலயே உக்காந்திருந்தாங்க, கை தட்டினாங்க.

இப்ப உங்க பங்குக்கு வர்றேன். எங்க ஊருல வர்ற வைகாசியில புரவி எடுக்கணும்னு பேச்சு நடக்குது. ஒன்பது வருசம் கழிச்சு. வெளியூர்ல இருக்கிற எங்க ஊர்ப் பிள்ளைங்க, சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்ல இருக்கிறவங்க, வாட்ஸாப் குரூப்புல ஒரு யோசனை சொல்லியிருக்காங்க. மண் குதிரை பத்து வருசத்துல உதிர்ந்துடுது, செலவு வீண். அதனால ஒரே தடவையா சிமெண்டுல பெரிய குதிரையா கட்டிடலாம், பெயிண்ட் அடிச்சா ஐம்பது வருசம் நிக்கும். பணம் அவங்க தர்றாங்க. பீடத்துல கிரானைட் கல்லுல "உபயம்"னு போட்டு இருபத்தி மூணு பேர் பட்டியல் அனுப்பியாச்சு, இனிஷியலோட.

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையைக் காட்டி, அது மாதிரி பெருசா வேணும்கிறாங்க. அது பழைய வேலைங்க, முப்பதடிக்கு மேல கட்டி எழுப்பினது, அந்தக் கோயிலுக்குன்னு ஒரு முறை இருக்கு, மாசி மகத்துக்கு அதுக்கு மாலை சாத்துறதே ஒரு காட்சி. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் சிமெண்ட் கொட்டினா என்ன ஆகும்?

மண் குதிரை உதிர்றது குறை இல்லை. அது உதிர்ந்தாத்தான் ஊர் மறுபடி கூடணும், மறுபடி பிடிமண் கொடுக்கணும், வேளார் வீட்டுல மறுபடி ஒருத்தன் மண்ணு மிதிக்கணும். எங்க வேளாருக்கு இப்ப வயசு அறுபத்தி நாலு. அவர் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். லீவு போட்டுட்டு வந்து இந்தப் புரவிக்கு அப்பாவோட நிக்கிறேன்னு சொல்லியிருக்கான். இதுவரைக்கும் அவன் முழுக் குதிரை செஞ்சதில்லை, கால் மட்டும்தான் வச்சிருக்கான். வைகாசியில சிமெண்ட் குதிரை நின்னுச்சுன்னா, அடுத்த குதிரை எங்க ஊருக்கு ஐம்பது வருசம் கழிச்சுத்தான் தேவைப்படும். அப்ப செய்ய யார் இருப்பா? சமுதாயக்கூட மாடியில ரெண்டு இருக்குமே, அதைப் போய்ப் பார்த்துக்கலாம்னு சொல்வீங்களா?

குரூப்புல ஒரு தம்பி, பெங்களூர்ல இருக்காரு, எனக்குப் பதில் போட்டார்: "சித்தப்பா, நீங்க சென்டிமென்ட்டா பேசுறீங்க. அந்தக் கலையைக் காப்பாத்த மியூசியம் இருக்கு, எக்ஸிபிஷன் இருக்கு." தம்பி, செண்டிமெண்ட் இல்லை, கணக்கு. சிமெண்ட் குதிரைக்கு நீங்க போட்டிருக்கிற எஸ்டிமேட் ஆறு லட்சம். அந்தக் காசுக்கு ஒன்பது வருசத்துக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை மண் குதிரை எடுக்கலாம், அன்னதானத்தோட. வேளார்கிட்ட உக்காந்து பேசிக் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.

கண்காட்சியே வேண்டாம்னு நான் சொல்லல. எங்க ஊர்லயே ரெண்டு பேர், "கோயில் குதிரையைக் கொண்டுபோய் ஹால்ல வைக்கிறதே தப்பு"ன்னு குதிச்சாங்க. அவங்ககூடவும் எனக்குச் சண்டைதான். கண் திறக்காத குதிரை சாமி குதிரை இல்லை, செஞ்சவர் இஷ்டப்பட்டா விக்கலாம், வைக்கலாம். ஹால் இருக்கட்டும். பெயிண்டர் அண்ணன் முகத்துல அன்னைக்குப் பார்த்த தெளிவை நான் பத்து வருசமாப் பார்க்கல, அதுக்காகவாவது அந்த ஹால் இருக்கணும். ஆனா அடுத்த தடவை குதிரைக்குக் கீழ பேர் வேணும். அவர் பேர், ஊர், அப்பா பேர், எந்தக் கம்மாய் மண்ணு, எந்த மாசம் சுட்டது. விலை வேணும், வேளாரே சொன்ன விலை. உள்ள ஒரு நாற்காலி வேணும். தரையில மண்ணு பட்டா கூட்டித் தள்ளலாம்.

போன புதன்கிழமை பொறுப்பாளருக்கு இதையெல்லாம் கடிதமா எழுதிக் கொடுத்துட்டேன். கமிட்டியில வைக்கிறேன்னு சொன்னார். கண்காட்சி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு, குதிரை ரெண்டும் இன்னும் மாடியிலதான் நிக்குது. இரவலா, விலைக்கான்னு கேட்டா இன்னும் முடிவு பண்ணலன்னாங்க. வேளார் கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால திங்கட்கிழமை டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல் பரப்பி நானும் அவருமா போறோம். ஒண்ணு விலை எழுதின ரசீது வாங்கிட்டு வருவோம், இல்ல குதிரையைத் தூக்கிட்டு வருவோம்.

சிமெண்டா மண்ணான்னு பேச ஊர்க்கூட்டம் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, சாவடியில. எங்க ஊர்ப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா, குரூப்புல கட்டைவிரல் தூக்கிக் காட்டாம நேர்ல வாங்க. வர முடியாதவங்க போன்ல பேசுங்க, ஸ்பீக்கர்ல போட்டு வைக்கிறேன். வேளாரும் வர்றார். இந்தத் தடவை அவரை உள்ளதான் உக்கார வைக்கணும்.